முந்திரிப்பழத்துக்கு ஒரு வரி

பழுப்பு நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். கன்வேயர் பெல்ட்டில் வரும் கரியில் அங்கங்கே கொஞ்சம் அள்ளுவோம். உடைத்து, கலந்து, சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காய வைத்து, எரித்து, மிஞ்சியதை நிறுத்து எழுதுவோம். என் மனைவி டயட்டீஷியன். நாங்கள் குடியிருக்கும் சுரங்க நகரியத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், சர்க்கரை இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லுவாள். கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைப் பற்றி நான் பேசினால் அவள் தலையாட்டுவாள். அவள் வேலையைப் பற்றி அவள் பேசினால் நான் தலையாட்டுவேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது. ஆனாலும் வீட்டில் பேச்சு ஓயாது.

போன வருஷம் முந்திரி சீசனில் ஒரு சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க. முந்திரித் தோப்புல கொட்டை பொறுக்கறவங்க. சுகர் இருக்கு. பாதி ஆப்பிள் சாப்பிடலாம், ஒரு கொய்யா சாப்பிடலாம்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறேன். அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? 'ஆப்பிளு எனக்கு யாரும்மா குடுப்பா? காலைலேருந்து முந்திரிப்பழத்து மேலதான் நடந்துகினு இருக்கறேன். அதைத் திங்கலாமா வேணாமா, அதச் சொல்லு'ன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தெரியலைன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? என்கிட்ட இருக்கற அட்டவணையில முந்திரிப்பருப்பு இருக்கு. பழம் இல்லை."

எங்கள் பக்கத்தில் முந்திரிப்பழத்துக்கு மரியாதை கிடையாது. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைத் தோப்பிலேயே போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் உப்புத் தொட்டுத் தின்னும். தொண்டை கரகரக்கும். சட்டையில் சொட்டினால் கறை போகாது. சிவப்பும் மஞ்சளுமாக மரத்தடி முழுக்கக் கிடக்கும். சீசனில் பஸ் ஜன்னலைத் திறந்தாலே அந்த வாசனை. அதில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் விடவில்லை. இணையத்தில் தேடினாள். எங்கோ வேறொரு கண்டத்தில் எடுத்த கணக்கு ஒன்று கிடைத்தது. அந்தப் பழம் எந்த ரகம், பழுத்ததா காயா, எப்படிச் சோதித்தார்கள் என்று ஒரு தகவலும் இல்லை. அப்படித் தேடிக்கொண்டே போனபோதுதான், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓர் உணவுத் தரவு வலையமைப்பு கண்ணில் பட்டது. அந்தந்த ஊர் உணவுகளில் என்ன சத்து இருக்கிறது என்ற கணக்கை ஒரே இடத்தில் சேர்த்து, எல்லாருக்கும் திறந்துவைப்பது அவர்கள் வேலை. இவள் தன் சந்தேகத்தை எழுதி அனுப்பினாள். பதில் வராது என்று நான் சொன்னேன். பதில் வந்தது. எங்களிடமும் அந்தப் பழத்துக்குச் சரியான கணக்கு இல்லை, நீங்கள் மாதிரி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பயிற்சி அவர்களே தருவார்கள். மாதிரியை அனுப்பும் செலவும் சோதனைச் செலவும் அவர்களுடையது. ஒரே நிபந்தனை, வரும் கணக்கை யாரும் பெட்டிக்குள் பூட்டிவைத்துக்கொள்ளக் கூடாது. அக்கம்பக்கத்து நாடுகள் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம்.

"நம்ம ஊர் முந்திரிப்பழம் வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"முந்திரி மரம் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டா வளருது? இலங்கையில இருக்கு, வங்காளதேசத்துல இருக்கு. அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி, அந்த அம்மா மாதிரி ஒருத்தர்கிட்ட தெரியலைன்னு சொல்லிக்கிட்டு இருப்பா. ஒவ்வொரு ஊரும் எல்லாத்தையும் சோதிச்சுப் பார்க்க முடியுமா? நாம பழத்தைப் பார்த்துக் கொடுத்தா, அவங்க வேற ஒண்ணைப் பார்த்துக் கொடுப்பாங்க."

முந்திரிப்பழத்தோடு பலாக்கொட்டையையும் சேர்த்துக்கொண்டாள். பண்ருட்டி பக்கத்தில் இருந்துகொண்டு பலாவை விட்டுவிட்டால் ஊருக்குள் நடமாட முடியாது என்றாள்.

பயிற்சிக் கையேடு வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே அதை வாய்விட்டு வாசித்தாள். "முதலில் மாதிரியின் ஈரத்தைக் கண்டறிய வேண்டும். பிறகு உலையில் எரித்துச் சாம்பலின் அளவைக் கண்டறிய வேண்டும்."

எனக்குக் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"திரும்பப் படி."

படித்தாள்.

"இது என் வேலைம்மா! இதைத்தானே நான் இருபது வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன்!"

அவள் கையேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். அவள் படித்த பக்கத்தில் மாதிரியைக் குறைப்பது எப்படி என்று ஒரு படமும் இருந்தது. கலந்ததைக் கூம்பாகக் குவி, தட்டையாக்கு, நான்காகக் கூறு போடு, எதிரெதிர்க் கூறு இரண்டை வைத்துக்கொள், மற்ற இரண்டைத் தள்ளிவிடு. மறுபடி கலந்து, மறுபடி கூறு போடு. கரிக்கும் இதே படம்தான். நான் எழுந்து கையைக் கழுவிவிட்டு அரிசி டப்பாவைக் கொண்டுவந்து ஹால் தரையில் நியூஸ்பேப்பர் விரித்துக் கூம்பு குவித்துக் காட்டினேன். அவள் உட்கார்ந்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று முதல் தடவையாக உண்மையிலேயே கேட்டாள். நானும் சொன்னேன். அன்றைக்குப் பாத்திரம் கழுவ இரண்டு பேருக்கும் ஞாபகமே வரவில்லை.

முதல் வீடியோக் கூட்டத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒருங்கிணைப்பாளர் பெண்மணி பேசினார். நரைத்த குட்டை முடி, கையில் காபி. திரையில் நேபாளம், வங்காளதேசம், இலங்கை, மாலத்தீவு என்று முகங்கள். எல்லாரும் எங்கள் தெரு ஆட்களைப் போலத்தான் இருந்தார்கள். மாதிரி எடுப்பது பற்றி அவர் ஆரம்பித்ததும் என்னால் அடக்க முடியவில்லை. ஓரத்திலிருந்து தலையை நீட்டி, என் ஆங்கிலத்தில், நாங்கள் கரியில் இப்படித்தான் செய்வோம் என்று அரிசியை வைத்துக் காட்டினேன். கூம்பு, தட்டு, நாலு கூறு. அவர் பொறுமையாகக் கேட்டார். அருமை என்றார். பிறகு தன் அடுத்த படத்தைத் திரையில் போட்டார். அதே கூம்பு, அதே நாலு கூறு. எல்லா முகங்களும் சிரித்தன. அவர், "உங்கள் கணவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று என் மனைவியிடம் கேட்டார். அப்படித்தான் நான் குழுவில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது.

மாதிரி எடுக்கப் பண்ருட்டிக்குப் போனோம். ஒரே தோப்புப் பழத்தை எடுத்தால் அது அந்தத் தோப்பின் கணக்குதான். அதனால் சுற்றுவட்டாரத்தில் பல தோப்புகளில் கேட்டுக் கேட்டுப் பொறுக்கினோம். சும்மா கிடக்கிற பழத்தைப் பொறுக்க அனுமதி கேட்டதில் தோப்புக்காரர்களுக்கு ஒரே வேடிக்கை. ஒருவர், "தாராளமா அள்ளிக்குங்க. அப்படியே சருகையும் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா புண்ணியமா போவும்" என்றார். பண்ருட்டியில் மனைவியின் அக்கா வீட்டில் ராத்தங்கல். அங்கேதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது.

"எல்லாத்தையும் இங்கயே நசுக்கிக் கலந்துடலாம். இடம் அடைக்காது. ஒரே டிரம். தூக்கறதும் சுலபம்."

"ஐஸ்ல வைக்கணும்னு போட்டிருக்குங்க."

"நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போயிடப் போறோம். அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

கரி ஒன்றும் ஆகாது. டிரம்மில் எத்தனை நாள் வைத்தாலும் கரி கரியாகவே இருக்கும். அந்தத் தைரியம்தான் எனக்கு.

மறுநாள் உச்சி வெயிலில் டவுன் பஸ் ஏறினோம். கூட்டம். டிரம்மைப் படிக்குப் பக்கத்தில் வைத்து, மூடியை இறுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் டிரம்முக்குள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மறுபடி உஸ். வேகத்தடை ஒன்றில் பஸ் தூக்கிப் போட்டதும், டப்பென்று மூடி கயிற்றோடு எகிறிக் கூரையில் மோதி ஒரு பெரியவர் மடியில் விழுந்தது. மஞ்சள் நுரை பொங்கி வழிந்து படியில் ஓடியது. ஒரு நொடி பஸ்ஸே மூச்சை உள்ளே இழுத்தது. வாசனை அப்படி.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னாங்க இது? என்னாத்த ஏத்திகினு வர்றீங்க?"

"பழங்க. முந்திரிப்பழம்" என்றேன்.

"பழமா? பழம் எங்கயாவது பொங்குமா? சாராய ஊறலு மாதிரி இல்ல இருக்குது."

மனைவி எழுந்து, வகுப்பில் பதில் சொல்லும் பிள்ளை மாதிரி நின்று, "இது உணவு மாதிரிங்க. பல நாடு சேர்ந்து செய்யற ஆராய்ச்சிக்கு அனுப்பப் போறோம்" என்றாள்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஊறலை வெளிநாட்டுக்கு வேற அனுப்புறீங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. மூடி மடியில் விழுந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. மூடியை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "நல்ல பதத்துலதான் இருக்குது" என்றார். அதற்குப் பிறகு டிரைவரே வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். நாங்களே இறங்கிக்கொள்கிறோம் என்று சொன்னோம். கண்டக்டர் டிரம்மை ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுத்தார். "ஆராய்ச்சி முடிஞ்சா சொல்லுங்கக்கா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விசில் அடித்தார்.

சாலை ஓரத்தில், இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. தோப்புகளில் பொறுக்கிய பழத்தைத் தோப்பு ஓரத்திலேயே கொட்டினோம். இரண்டு ஆடுகள் வந்தன. ஒன்று நக்கிப் பார்த்தது, இன்னொன்று எங்களை முறைத்தது. மனைவி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல பதத்துலதான் இருக்குது" என்று பெரியவர் குரலில் சொல்லிப் பார்ப்பாள், மறுபடி சிரிப்பாள். இரண்டு நாள் உழைப்பு மண்ணுக்குப் போயிருந்தது. எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண்ணில் நீர் வரச் சிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வருத்தப்படுவது முடியாத காரியம். அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே கிடந்தோம்.

ஒருங்கிணைப்பாளரிடம் நடந்ததைச் சொல்ல மனைவி தயங்கினாள். இன்னொரு வாய்ப்புத் தருவார்களோ மாட்டார்களோ என்று பயம். நான்தான் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விமான நிலையத்தில் தன் பெட்டியிலிருந்து வடிந்த மீன் ஊறுகாயால் ஒரு வரிசையே கலைந்து ஓடிய கதையைச் சொன்னார். "சீசன் முடிய இன்னும் நாள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. இரண்டாம் தடவை ஐஸ் பெட்டி தேடினோம். என் கூட வேலை பார்ப்பவரின் மச்சான் சேத்தியாத்தோப்பில் மீன் வியாபாரம். அவரிடம் பெரிய தெர்மாகோல் பெட்டிகள் இருந்தன. புளி போட்டுக் கழுவினோம், எலுமிச்சை போட்டுத் தேய்த்தோம். ஐஸ் போட்டுப் பழத்தை உறைகளில் கட்டி வைத்து மூடினால் உள்ளே முந்திரி வாசனை, வெளியே மீன் வாசனை. இந்த முறை வாடகைக் கார். டிரைவர் வழி நெடுக, "அண்ணே, மீன் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பழம் என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

பழம் பதமாக வந்து சேர்ந்து, பெட்டியோடு சோதனைச்சாலைக்கும் போய்விட்டது. அடுத்து பலா. பலாவை வீட்டிலேயே பிரிக்க வேண்டியிருந்தது. பண்ருட்டி மண்டியில் வெவ்வேறு தோப்புகளிலிருந்து வந்த பழங்களாகப் பார்த்து வாங்கி, குவார்ட்டர்ஸ் ஹாலில் பாலிதீன் விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தோம். சோதனைக்குக் கொட்டைதான் வேண்டும். அதிலும் எல்லாக் கொட்டையும் வேண்டாம். கலந்து, கூறு போட்டு, பாதியைத் தள்ளி, அதில் பாதியைத் தள்ளி, மிஞ்சும் கொஞ்சம் போதும். அப்படியானால் சுளை முழுக்க மிச்சம். கொட்டையிலும் முக்கால்வாசி மிச்சம்.

பலா வாசனைக்கு அழைப்பிதழ் தேவையில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். திருநெல்வேலிக்காரர், பவர் ஹவுஸில் வேலை. அவர் பின்னாலேயே மாடி வீட்டம்மா. பிறகு எதிர் வரிசையிலிருந்து மூன்று குடும்பம். எங்கள் பிளாக்கில் ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மாவட்டம். கொட்டையை என்ன செய்யலாம் என்று பேச்சு வந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சாம்பாரில் போடணும், சுட்டுத் திங்கணும், முருங்கைக்கீரையோடு கூட்டு வைக்கணும், கருவாட்டுக் குழம்பில் போட்டால்தான் அது பலாக்கொட்டை. நான் தரையில் கூறு போட்டு, "இந்தக் கூறு ஆராய்ச்சிக்கு, இந்தக் கூறு உங்களுக்கு" என்று தள்ளத் தள்ள, சமையலறையில் நான்கு அடுப்பும் எரிந்தன. விஞ்ஞானத்துக்கு வேண்டாத கூறு எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து யார் பார்த்தாலும், "இன்னைக்கு எதைக் கூறு போடுறீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

சோதனைச்சாலையிலிருந்து கணக்கு வர மழைக்காலம் ஆகிவிட்டது. எல்லா நாட்டுக் கணக்கையும் வைத்துப் பொது அட்டவணையின் வரைவைக் கூட்டத்தில் காட்டினார்கள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையோடு ஒட்டிக்கொண்டாள். முந்திரிப்பழம் இருந்தது. ஆனால் சர்க்கரை அளவைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள்.

"இது நம்மோடது இல்லைங்க. ரெண்டு பேர் கணக்கை ஒண்ணாப் போட்டிருக்காங்க."

இன்னொரு கணக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தது. அதை அனுப்பியவர் அங்கே கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு பெண். பழத்தின் உள்ளூர்ப் பெயர் எழுதும் கட்டத்தில் இருவரும் தமிழில் ஏறக்குறைய ஒரே பேரை எழுதியிருந்ததால், கணினி இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிட்டது. மனைவி மைக்கைத் திறந்தாள். ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று தமிழுக்குத் திரும்பியது.

"மேடம், உங்க முந்திரிப்பழத்துல புளிப்பே இல்லையா?"

"ஓம், நல்ல இனிப்பு. எங்கட வீட்டுப் பந்தலிலையும் காய்க்குது" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பந்தல்லயா? முந்திரி மரத்துக்கு எதுக்கு மேடம் பந்தல்?"

"மரமோ? இது கொடியெல்லோ?"

நான் அடுக்களைக்கு ஓடி, ஃபிரிட்ஜில் ஞாபகத்துக்காக உறைய வைத்திருந்த ஒரே ஒரு பழத்தை, தலைகீழாகத் தொங்கும் கொட்டையோடு கொண்டுவந்தேன். மனைவி அதைக் கேமராவுக்கு முன் பிடித்தாள்.

"ஐயோ! அது கஜு!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "மரமுந்திரிகை எண்டும் சொல்லுவம். முந்திரிகைப்பழம் எண்டா எங்கட பக்கம் கிறேப்ஸ். நான் திராட்சையை எல்லே அனுப்பினனான்!"

எங்கள் முந்திரிப்பழமும் அவர்கள் திராட்சையும் ஒரே வரியில் கைகோத்து நின்றிருந்தன. ஒருங்கிணைப்பாளருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. இருவரும் சிரித்து முடித்து ஆங்கிலத்தில் விளக்கியதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தாவரப் பெயரையும் கட்டாயம் எழுதச் சொன்னது இதற்காகத்தான் என்றார். அந்தக் கட்டத்தை இருவருமே வெறுமையாக விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக நடக்கவில்லை. சர்க்கரைவள்ளிக்கு அங்கே வத்தாளங்கிழங்காம், பப்பாளிக்குப் பப்பாசியாம். நேபாளத்துக்காரர் ஒரு கீரையைக் கொண்டுவந்து காட்டினார். மாலத்தீவுக்காரர் காய்ந்த மீன் ஒன்றை மேசையில் தட்டிக் காட்டினார். கட்டையில் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. எல்லாரும் அவரவர் அடுக்களைக்கு ஓடி எதையாவது கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். குறித்த நேரத்துக்கு மேல் வெகு நேரம் போனதை யாரும் சொல்லவில்லை.

அட்டவணை திறந்த அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மனைவி போனோடு வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே! முந்திரிப்பழத்துக்குத் தனி வரி வந்துடுச்சு!"

திருநெல்வேலிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "அதுக்குமா வரி போட்டுட்டான்? கீழ கெடக்க பழத்தயும் விட மாட்டானுவளா?"

மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இதை அவர் சொல்லிவிட்டதால், அது வேறு வரி என்று விளக்குவதற்குள் எனக்கு ஷிப்ட் பஸ் போய்விட்டது. ஸ்கூட்டரில் போனேன். போகிற வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். அந்த வரியில் ஈரம், சாம்பல் என்று இரண்டு கட்டங்கள் முதலில் வருகின்றன. அதைக் கரி உடைக்கும் எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். "நம்மளதவிட ஈரம் ஜாஸ்தியா இருக்கே" என்று ஒருவர் கவலைப்பட்டார்.

ஆஸ்பத்திரியில் மனைவி தன் உணவுப் பட்டியல் அட்டையைத் திருத்தி எழுதினாள். எந்தப் பழம், எத்தனை, சாப்பாட்டோடா தனியாகவா என்று இப்போது அவளால் தயங்காமல் சொல்ல முடிகிறது. பலாக்கொட்டையும் அதில் ஏறியது. யாழ்ப்பாணத்துக்காரர் எங்கள் பலாக்கொட்டைக் கணக்கை எடுத்துத் தன் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறார். அவர் பார்த்துக் கொடுத்த முருங்கையிலைக் கணக்கை இவள் கர்ப்பிணிகளுக்குச் சொல்கிறாள். இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு உணவில் ஆரம்பித்து மாமியார், புடவை, முழங்கால் வலி என்று எங்கெங்கோ போகிறது.

இந்த வருஷத் தொடக்கத்தில் கொழும்பில் எல்லாரும் நேரில் சந்திக்க ஏற்பாடு செய்தார்கள். பயணச் செலவு அவர்களுடையது. என் மனைவி அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பாஸ்போர்ட் வந்த அன்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. சென்னைவரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். அங்கே இருந்த நாட்களில் ஒழுங்காக ஒரு போன்கூட இல்லை. வந்த படங்களில் எல்லாம் யாராவது எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் அவளும் யாழ்ப்பாணத்துக்காரரும் தோளில் கை போட்டுக்கொண்டு, நடுவில் ஒருங்கிணைப்பாளரை நெருக்கிப் பிடித்து நின்றார்கள். மூன்று பேரும் ஏதோ ஒரு சிரிப்பின் நடுவில் இருந்தார்கள்.

திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரோடு போனேன். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டேன். அவள் பின்னால் ஏறி உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நேபாளத்துக்காரர் என்ன சொன்னார் தெரியுமா... இருங்க, அதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடறேன். நான் மேடையேறிப் பேசினேன். இங்கிலீஷ்லயேதாங்க! எல்லாரும் கேள்வி கேட்டாங்க. அடுத்த சுற்றுல என்ன சேர்க்கலாம்னு கேட்டாங்க. நான் சொன்னேன், எங்க நகரியத்துல ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஊர் சமையல் இருக்கு, அதையெல்லாம் எழுதி அனுப்பறேன்னு. சரின்னுட்டாங்க! பாத்துப் போங்க, நாய். அந்த மாலத்தீவுக்காரர் இருக்காரே..."

எங்கள் பிளாக்குக்குத் திரும்ப வேண்டிய வளைவு வந்தது. மாலத்தீவுக்காரர் கதை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. வீட்டுக்குள் போனால் கதவைத் திறக்கணும், பெட்டியை வைக்கணும், பால் காய்ச்சணும், பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். நான் வளைவில் திரும்பாமல் நேரே விட்டேன். அவள் கவனிக்கவில்லை. அடுத்த பிளாக், அதற்கடுத்த பிளாக், பள்ளிக்கூடம், வாட்டர் டேங்க், மறுபடி எங்கள் வளைவு. இப்போது விமானத்தில் கொடுத்த சாப்பாட்டில் எதில் எவ்வளவு உப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடி நேரே விட்டேன்.

"ஏங்க, வீடு அந்தப் பக்கம்தானே?"

"தெரியும். நீ சொல்லு."

அவள் என் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒருங்கிணைப்பாளருக்குத் தேங்காய்ச் சம்பல் காரம் ஏறிய கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.